மருந்து எச்சமும் மருந்தை எதிர்க்கும் கிருமியும் நீங்காதபோது: மருத்துவமனைக் கழிவுநீர் நிலையத்தில் அறிகுறிவாரியாகப் பிழை தேடும் முறை

நான் பராமரிக்கும் மருத்துவமனைக் கழிவுநீர் நிலையங்களில் ஒன்றில், மருந்து எச்சங்களை உடைப்பதற்கான ஓசோன் கருவி செவ்வாய்க்கிழமைதோறும் படுத்துக்கொள்ளும். கருவியின் திரையில் எல்லா எண்களும் ஒழுங்காக இருக்கும். நீரில் மட்டும் எந்த மாற்றமும் தெரியாது. புதன்கிழமை, கருவியை விற்ற நிறுவனத்தின் டெக்னீஷியன் வந்து பார்ப்பார். வியாழக்கிழமை எல்லாம் சரியாகிவிடும். அதனால் அவருடைய கைராசியை நாங்கள் மூன்று மாதம் புகழ்ந்துகொண்டிருந்தோம். அந்த மூன்று மாதத்தில் இரண்டு ஃபியூஸ்களும் ஒரு மின்கடத்தாக் குழாயும் மாற்றப்பட்டன. நான்காவது மாதம் ஒரு செவ்வாயன்று, வேறு எதற்கோ வாங்கி வைத்திருந்த நைட்ரைட் சோதனைப் பட்டையை ஓசோன் தொட்டிக்கு முன்னால் பிடித்த நீரில் நனைத்துப் பார்த்தேன். அரை நிமிடத்தில் அது பீட்ரூட் கழுவிய நீரின் நிறத்துக்கு மாறியது. கருவியில் ஒரு குறையும் இருக்கவில்லை.

கீழே எழுதியிருப்பவை, காற்றூட்டத் தொட்டி, எம்.பி.ஆர். சவ்வு (நுண்ணுயிர்க் கசடை வடிகட்டிப் பிரிக்கும் சவ்வு), ஓசோன், கார்பன் வடிகட்டி, புற ஊதா விளக்கு, கழிவறை ஃப்ளஷுக்கான சேமிப்புத் தொட்டி என்ற வரிசையில் அமைந்த நிலையங்களுக்குப் பொருந்தும். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் மருத்துவமனையிலிருந்து வெளியேறும் நீருக்கு பி.எச்., மிதக்கும் திடப்பொருள் 100, எண்ணெய் 10, பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் கரிமப்பொருளைச் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) 30, சி.ஓ.டி. (அதை வேதிமுறையில் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) 250 மி.கி./லி., மீன் பிழைக்கிறதா என்று பார்க்கும் உயிர்ச்சோதனை ஆகிய வரம்புகளையே வைத்திருக்கின்றன. மருந்து எச்சத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆகவே மாதாந்திர அறிக்கை முழுக்கத் தேறியிருந்தாலும், ஓசோனும் கார்பனும் வேலை செய்கின்றன என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நாமேதான் அளந்து பார்க்க வேண்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

254 நானோமீட்டர் ஒளியை நீர் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் கையடக்க மானி (நீரில் கரிமப்பொருள் கூடினால் இந்த அளவும் கூடும்), நைட்ரைட் பட்டை, கரைந்த ஆக்சிஜன் மானி, எஞ்சிய குளோரின் சோதனைப் பெட்டி, பொட்டாசியம் அயோடைடு கரைசல் ஆகியவை போதும். ஒவ்வொரு கட்டத்துக்கு முன்னும் பின்னும் நீர் பிடிக்கக் குழாய் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் செலவை அதற்கே செய்யுங்கள். நிலையம் நன்றாக ஓடும் ஒரு வாரத்தில், தினமும் ஒரே நேரத்தில் எடுத்த 254 அளவுகளை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நிலையத்தில் நல்ல நாளில் ஓசோனைத் தாண்டும்போது அந்த அளவு ஏறத்தாழ 40 சதவீதம் இறங்கும். உங்கள் நிலையத்துக்கு வேறு எண் வரலாம். அதைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

அறிகுறி: ஓசோன் கருவி ஓடுகிறது, ஆனால் 254 அளவு இறங்கவில்லை

கருவியின் திரையை நம்பாமல், முதலில் இரண்டு இடங்களில் வாயுவைச் சோதியுங்கள்: தொட்டிக்குள் போகும் வாயு ஒன்று, தொட்டியின் மேலிருந்து வெளியேறும் வாயு மற்றொன்று. வாயு அளவி இல்லாத நிலையங்களில், மெல்லிய டெஃப்லான் குழாய் வழியாக வாயுவைப் பொட்டாசியம் அயோடைடு கரைசலுக்குள் குமிழவிட்டால், ஓசோன் இருந்தால் கரைசல் மஞ்சளாகிப் பின் பழுப்பாகும். இதைத் திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று செய்ய வேண்டும். கிடைக்கும் முடிவைப் பொறுத்து வழி மூன்றாகப் பிரியும்.

உள்ளே போகும் வாயுவிலேயே ஓசோன் குறைவு என்றால்

குளிர்விக்கும் நீரிலிருந்து தொடங்குங்கள். நம் ஊர்க் கோடையில் மாடித் தொட்டியிலிருந்து வரும் நீரைக் கொண்டு கருவியைக் குளிர்விப்பவர்கள், மதியம் இரண்டு மணிக்கு அந்த நீரில் கையை வைத்துப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடும். குழாய் சூடேறினால் உண்டான ஓசோன் அங்கேயே சிதைந்துவிடும். அடுத்தது காற்றின் ஈரப்பதம். ஆக்சிஜன் செறிவூட்டியிலிருந்து வரும் வாயுவின் பனிநிலை (அதிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) சுழியத்துக்குக் கீழே 60 டிகிரிக்கும் தாழ இருக்க வேண்டும். உலர்த்தும் மணிகள் தளர்ந்துபோயிருந்தால், குறிப்பாகக் கடலோர நகரங்களில் மழைக்காலத்தில், ஈரம் உள்ளே போய் ஓசோன் குறைவதோடு நைட்ரிக் அமிலமும் உருவாகிக் குழாய்களை அரிக்கும். மூன்றாவது, மின்சாரம் நின்று வந்ததா என்று கேளுங்கள். மின்தடையின்போது தடுப்பு வால்வு மூடாமல் போனால், தொட்டி நீர் வாயுக் குழாய் வழியாகக் கருவிக்குள் ஏறிவிடும். வாயுக் குழாயின் மிகத் தாழ்ந்த வளைவில் உள்ள வடிகாலைத் திறந்து பார்த்தால், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரக்கூடாது.

இவை மூன்றும் சரியாக இருந்தும் ஓசோன் குறைவாகவே வந்தால், டெக்னீஷியனை அழைப்பதைத் தவிர வழியில்லை. கருவிக்குள் பல ஆயிரம் வோல்ட் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், மூடியைத் திறக்கும் வேலையை நிலைய ஆபரேட்டர் செய்யவே கூடாது.

உள்ளேயும் வெளியேயும் ஓசோன் நிறைய இருந்தால்

கருவி நன்றாக இருக்கிறது. வாயு நீரில் கரையாமல் தப்பிப் போகிறது. பார்வைக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். நுண்குமிழ்கள் பால்போலப் பரவாமல், கொதிக்கும் உலைபோல ஓரிடத்தில் மட்டும் பெரிய குமிழ்கள் எழுந்தால், குமிழ்த்தட்டு உடைந்திருக்கிறது அல்லது அதன் அடி வளையம் விட்டுப்போயிருக்கிறது. வென்ட்சுரி (நீர் பாயும் விசையால் வாயுவை உறிஞ்சும் குறுகிய கழுத்துக் குழாய்) வழியாக வாயுவைச் செலுத்தும் அமைப்பாக இருந்தால், பம்பின் அழுத்தம் குறைந்து உறிஞ்சும் விசை போயிருக்கும். வென்ட்சுரியை ஆபரேட்டரே கழற்றிக் கழுவலாம். குமிழ்த்தட்டை மாற்ற வேண்டுமானால், தொட்டியைக் காலிசெய்து, காற்றோட்டம் கொடுத்து, உள்ளே ஓசோன் இல்லை என்று அளந்து உறுதி செய்த பிறகு, பயிற்சி பெற்றவர்களே இறங்க வேண்டும்.

உள்ளே நிறைய, வெளியே ஒன்றுமில்லை, நீரிலும் மாற்றமில்லை என்றால்

ஓசோனை நீரிலிருக்கும் வேறு ஏதோ தின்றுகொண்டிருக்கிறது. நான் பார்த்த நிலையங்களில் பெரும்பாலும் அது நைட்ரைட்தான். நைட்ரஜன் கணக்கில் 1 மி.கி. நைட்ரைட், ஏறத்தாழ 3.4 மி.கி. ஓசோனை விழுங்கிவிடும். உங்கள் நீரில் கரைந்த கரிமக் கார்பன் லிட்டருக்கு 8 மி.கி. என்றும், கார்பன் ஒரு கிராமுக்கு 0.6 கிராம் ஓசோன் என்ற வழக்கமான கணக்கில் கருவியை அமைத்திருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 4.8 மி.கி. ஓசோன் போகும். அந்த நீரில் 1 மி.கி. நைட்ரைட் இருந்தால், மருந்துகளைத் தாக்க மிஞ்சுவது 1.4 மி.கி. மட்டுமே. டைக்ளோஃபெனாக், கார்பமசெபின் போல ஓசோனுக்கு எளிதில் உடையும் மருந்துகள்கூட அந்த நிலையில் ஓரளவு தப்பிவிடும்.

நைட்ரைட் ஏன் வந்தது என்பதற்குக் காற்றூட்டத் தொட்டிக்குத்தான் போக வேண்டும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி.க்குக் கீழே இருந்தால், புளோயரின் (காற்று ஊதும் கருவி) பெல்ட், காற்று வடிகட்டி, டைமர் என்ற வரிசையில் பாருங்கள். மின்கட்டணத்தைக் குறைக்க யாராவது டைமரில் இரவு நிறுத்த நேரத்தைக் கூட்டி வைத்திருப்பது அபூர்வமல்ல. அது சரியாக இருந்தால், வரும் நீரில் எஞ்சிய குளோரினைச் சோதியுங்கள். முதலில் சொன்ன நிலையத்தில் விடை அங்கேதான் கிடைத்தது. சனிக்கிழமை இரவுதோறும் அறுவை அரங்குகளையும் சலவைக் கூடத்தையும் கழுவிய ஹைப்போகுளோரைட் மொத்தமாக ஒரே நேரத்தில் வடிகாலில் இறங்கியது. அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் அந்த அடியிலிருந்து விரைவில் எழுந்துகொண்டன. நைட்ரைட்டை நைட்ரேட்டாக முடித்துவைப்பவை எழ வியாழன் வரை ஆயிற்று. டெக்னீஷியனின் கைராசியின் ரகசியமும் அதுவே.

தீர்வுக்குப் பெரிய செலவு ஆகவில்லை. கழுவிய நீரைத் தனித் தொட்டியில் பிடித்து, சோடியம் தயோசல்பேட் இட்டுக் குளோரின் இல்லை என்று உறுதிசெய்து, வரும் நீரைத் தேக்கிச் சீராக அனுப்பும் சமன்படுத்தும் தொட்டிக்குள் இரண்டு நாளில் சிறுகச் சிறுக விட்டோம். அதைவிடக் கடினமானது, துப்புரவுப் பிரிவு மேற்பார்வையாளர் அம்மாவிடம் போய், "நீங்க செஞ்சது தப்பில்லைங்கம்மா, ஊத்துற நேரத்தை மட்டும் பிரிச்சுக்கலாம்" என்று புரியவைத்தது. அவர்கள் கழுவியது விதிப்படியே. அதைக் குறை சொல்லிப் பேசியிருந்தால் காரியம் நடந்திருக்காது.

நைட்ரைட் இல்லாமலும் ஓசோன் காணாமல் போனால், சவ்வைத் தாண்டிக் கலங்கல் வருகிறதா என்று பாருங்கள். ஓசோன் அளவைக் கூட்டுவது எளிதாகத் தோன்றினாலும் அதைக் கடைசியில் வையுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் புரோமைடு இருந்தால், கூடுதல் ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றிவிடும். குடிநீரில் அதற்கான வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் மட்டுமே. அளவைக் கூட்டுவதற்கு முன் ஒருமுறை புரோமைடு சோதனை செய்துகொள்வது கட்டாயம்.

அறிகுறி: கருவி அறையில் ஓசோன் நெடி

தேடுவதற்கு முன் கருவியை நிறுத்துங்கள். கதவைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள். எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு 0.1 பி.பி.எம். மட்டுமே. மூக்குச் சில நிமிடங்களில் பழகிவிடுவதால், நெடி குறைந்துவிட்டது என்று தோன்றுவதை நம்பக்கூடாது. ஓசோன் காற்றைவிடக் கனமானது. குழிகளிலும் கேபிள் பள்ளங்களிலும் தேங்கும்.

மிக எளிய காரணம் வாஷர். ஒருமுறை குழாய் வேலைக்கு வந்தவர், கசிந்த இணைப்பில் சாதாரணக் கறுப்பு ரப்பர் வாஷரைப் போட்டுவிட்டுப் போனார். மூன்றே வாரத்தில் அது காய்ந்த நிலம்போல வெடித்து, விரலால் தொட்டால் உதிர்ந்தது. ஓசோன் போகும் வழியில் டெஃப்லான் அல்லது ஓசோனைத் தாங்கும் விட்டான் (Viton) ரப்பர் மட்டுமே இருக்கலாம். வாஷர்கள் நன்றாக இருந்தால், வெளியேறும் வாயுவைச் சிதைக்கும் பெட்டியைப் பாருங்கள்; அதன் முன்னால் உள்ள ஹீட்டர் செயலிழந்தால், வினையூக்கி ஈரமாகி, ஓசோன் அப்படியே வெளியேறும். ஹீட்டரைப் பெரும்பாலும் உள்ளூர் எலக்ட்ரீசியனே மாற்றலாம். வினையூக்கியே நனைந்து கெட்டிருந்தால் நிறுவனத்தை அழைக்க வேண்டும்.

அறிகுறி: கார்பன் வடிகட்டிக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு

கார்பன் தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மாற்றிய பிறகும் அளவு இறங்காத நிலையத்தை நான் பார்த்திருக்கிறேன். அங்கே குற்றவாளி மல்டிபோர்ட் வால்வின் (நீரின் வழியை மாற்றிவிடும் பல வாய் வால்வு) உள்ளே இருந்த நட்சத்திர வடிவ கேஸ்கெட். அது தேய்ந்து, உள்ளே வரும் நீரில் ஒரு பகுதி கார்பனைத் தொடாமலேயே வெளிக்குழாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. கேஸ்கெட்டின் விலை சில நூறு ரூபாய். மாற்றிய கார்பனோ ஒரு லாரிச் சுமை. சோதனை எளிது: வடிகட்டியின் அடி வடிகாலிலிருந்து ஒரு குப்பி, வால்வின் வெளிக்குழாயிலிருந்து ஒரு குப்பி எடுத்து 254 அளவை ஒப்பிடுங்கள். அடியில் நன்றாகவும் வெளியில் மோசமாகவும் இருந்தால் பழுது வால்வில்தான்.

இரண்டும் மோசமாக இருந்தால், நீர் கார்பனுடன் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்கிடுங்கள். கார்பன் படுகையின் கன அளவை ஒரு மணி நேர ஓட்டத்தால் வகுத்து 60-ஆல் பெருக்கினால் நிமிடம் கிடைக்கும். மருந்து எச்சத்துக்கு 20 நிமிடமாவது வேண்டும். நிறத்தையும் நாற்றத்தையும் நீக்குவதற்காக முன்பே வாங்கிய வடிகட்டியில் பெரும்பாலும் அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை; அதில் எந்தக் கார்பனைப் போட்டாலும் பயனிருக்காது. நேரமும் சரியாக இருந்தால், பேக்வாஷ் (நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவுதல்) செய்யும்போது படுகை கால் பங்காவது எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பாத படுகையில் நீர் ஓரிரு வழிகளைத் துளைத்துக்கொண்டு அதிலேயே ஓடும்.

இத்தனைக்கும் பிறகுதான் கார்பனைச் சந்தேகிக்கலாம். சல்ஃபமெத்தாக்சசோல் முதலில் தப்பத் தொடங்கும், கார்பமசெபின் அதற்கு வெகுகாலம் பிறகு. ஆய்வக அறிக்கையில் முதலாவது மட்டும் தப்பியிருந்தால் இன்னும் சில மாதங்கள் ஓட்டலாம். புதிதாக வாங்கும்போது அயோடின் எண்ணை (சிறு மூலக்கூறுகளைக் கார்பன் எவ்வளவு பிடிக்கும் என்று காட்டும் எண்) மட்டும் பார்க்காதீர்கள். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் செய்யும் தேங்காய்ச் சிரட்டைக் கார்பன் நல்ல சரக்குதான். ஆனால் அதன் துளைகள் மிகக் குறுகியவை, கழிவுநீரின் பெரிய கரிமப்பொருள்கள் அவற்றின் வாயை அடைத்துவிடும். நிலக்கரியிலிருந்து செய்த, சற்று அகன்ற துளையுள்ள வகையையும் ஒரு சிறு குழாயில் நிரப்பி, உங்கள் நீரிலேயே இரண்டையும் ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

பழைய கார்பனைச் சாதாரணக் குப்பையில் கொட்டாமல், மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த நிறுவனத்திடமே ஒப்படைக்க வேண்டும். கலனைக் காலி செய்ய ஆளை உள்ளே இறக்கவே கூடாது. ஈரமான கார்பன் மூடிய கலனுக்குள் இருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், எட்டிப் பார்ப்பவருக்கு எந்த நெடியும் தெரியாது. உறிஞ்சும் குழாயுடன் வரும் ஒப்பந்ததாரரை அழைப்பதற்கு ஆகும் செலவில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அறிகுறி: புற ஊதா விளக்கைத் தாண்டியும் ஈ.கோலை (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) வருகிறது

மாதிரி எடுத்த குழாயைத்தான் முதலில் சந்தேகியுங்கள். குழாய் வாயைச் சுட்டு, இரண்டு நிமிடம் நீரை ஓடவிட்டு, கிருமி நீக்கிய குப்பியில் மீண்டும் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் அன்றே அனுப்புங்கள். பாதிப் புகார்கள் இதோடு முடிந்துவிடும். பிறகு, விளக்கைத் தவிர்க்கும் பக்கவழி வால்வு முழுவதும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது விளக்கின் உறை. கடின நீர் உள்ள ஊர்களில் குவார்ட்ஸ் உறையின் மேல் சுண்ணாம்புப் படலம் ஏறும். மின்சாரத்தை அணைத்துவிட்டு உறையைக் கழற்றி, சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துத் துடைத்தால் போகும். எரியும் விளக்கை நேராகப் பார்க்கக்கூடாது. விளக்கு நீல ஒளியுடன் எரிகிறது என்பதற்காக அது வேலை செய்கிறது என்று பொருளில்லை; குறைந்த அழுத்த விளக்குகளுக்கு 9,000 முதல் 12,000 மணி நேரமே ஆயுள், அதன் பிறகும் ஒளி தெரியும், கிருமியைக் கொல்லும் அலைநீளம்தான் குறைந்திருக்கும்.

உறையும் விளக்கும் நன்றாக இருந்தால், விளக்குக்குள் போகும் நீரின் 254 அளவைப் பாருங்கள். அது வழக்கத்தைவிட உயர்ந்திருந்தால், விளக்கின் ஒளியை நீரே குடித்துவிடுகிறது. குறை ஓசோனில் அல்லது கார்பனில் இருக்கிறது, மேலே சொன்ன தலைப்புகளுக்குத் திரும்பிப் போங்கள். நீரில் கலங்கல் 0.2 என்.டி.யு. அலகைத் தாண்டினால், எம்.பி.ஆர். சவ்வு இழை அறுந்திருக்கலாம். சவ்வுத் தொகுதிகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்து, எது கலங்கலைத் தருகிறது என்று கண்டுபிடிப்பது வரை ஆபரேட்டரின் வேலை. காற்றழுத்தச் சோதனையும் இழையை அடைப்பதும் சவ்வு நிறுவனத்தின் வேலை.

மருந்துக்கு மசியாத ஈ.கோலை வருகிறது என்று அறிக்கை வந்தால் உடனே பதற வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கண்காணிப்பு நெறிமுறையைப் போல, ஒரே நீரைச் சாதாரணத் தட்டிலும், லிட்டருக்கு 4 மி.கி. செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த தட்டிலும் வளர்க்கச் சொல்லுங்கள். விளக்குக்கு முன்னும் பின்னும் இரண்டு எண்ணிக்கையும் ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தால், அது வழக்கமான கிருமிநீக்கக் குறைபாடு. ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் கிருமிக்கு அந்தக் காரணத்தால் புற ஊதாவையும் எதிர்க்கும் பலம் வந்துவிடாது. ஆனால் எதிர்ப்பு மரபணுக்களையும் சிதைக்க வேண்டுமென்றால், கிருமி சாவதற்கு வேண்டியதைவிடப் பல மடங்கு ஒளி தேவைப்படும். அது வடிவமைப்பாளரிடம் பேச வேண்டிய விஷயம், பழுது அல்ல.

அறிகுறி: விளக்கைத் தாண்டியதும் சுத்தம், ஃப்ளஷ் தொட்டியில் கிருமி

சேமிப்புத் தொட்டியின் மூடியைப் பாருங்கள். திறந்த தொட்டியில் வெயில் பட்டால், புற ஊதாவில் அடிபட்ட கிருமிகளில் சில தங்களைச் சீர்செய்துகொண்டு எழும். அடுத்து, தொட்டிச் சுவரை விரலால் தடவுங்கள். வழவழப்பு இருந்தால் உயிர்ப்படலம் வளர்ந்திருக்கிறது. ஓசோன் பெரிய மூலக்கூறுகளை உடைத்துக் கிருமிகளுக்கு எளிய உணவாக்கிவிடுவதால், அதன் பின்னால் இருக்கும் கார்பன் படுகையில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அந்த உணவைத் தின்று தீர்க்க வேண்டும். படுகையை அடிக்கடி குளோரின் நீரால் பேக்வாஷ் செய்பவர்கள் அந்த வேலைக்காரர்களைத் தாங்களே கொன்றுவிடுகிறார்கள்.

ஹைப்போகுளோரைட் போட்டும் எஞ்சிய குளோரின் நிற்கவில்லை என்றால், வெயிலில் கிடந்த கேன் வீரியம் இழந்ததா, நீரில் அம்மோனியா இருக்கிறதா என்று பாருங்கள். அம்மோனியா நைட்ரஜன் 1 மி.கி. இருந்தால் அதைத் தீர்க்கவே 8 மி.கி.க்குக் குறையாமல் குளோரின் வேண்டும். அம்மோனியா தொடர்ந்து வந்தால், மறுபடியும் புளோயரிடம்தான் போக வேண்டியிருக்கும்.

அறிகுறி: உள்ளே வந்ததைவிட வெளியே போகும் நீரில் மருந்து கூடுதல் என்று அறிக்கை

ஆய்வகத்தைக் குறை சொல்வதற்கு முன், மாதிரிகள் எப்போது எடுக்கப்பட்டன என்று பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் பிடித்திருந்தால், வெளியே கிடைத்தது முந்தைய நாள் நீர். 24 மணி நேரக் கூட்டு மாதிரி எடுத்தால் பெரும்பாலும் இந்தப் புதிர் தீரும். தீரவில்லை என்றால், உடல் சில மருந்துகளைச் சர்க்கரைச் சேர்மமாகக் கட்டி வெளியேற்றுகிறது என்பதை நினைவில் வையுங்கள். காற்றூட்டத் தொட்டியில் அந்தக் கட்டு அவிழ்ந்து பழைய மருந்தே வெளிவரும். கார்பமசெபினில் இது வழக்கமாகக் காணப்படுவது.

அறிக்கையை ஒரே வரியாகப் படிக்காமல் மருந்து மருந்தாகப் படியுங்கள். மெட்ஃபார்மினும் பாராசிட்டமாலும் உயிரியல் கட்டத்திலேயே பெருமளவு சிதைய வேண்டியவை; அவை வெளியே வந்தால் காற்றூட்டத் தொட்டிக்குப் போங்கள். கார்பமசெபின் வந்தால் ஓசோனுக்கும் கார்பனுக்கும் போங்கள். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேனுக்குக் கொடுக்கும் அயோடின் சேர்ந்த சாயங்கள் மட்டும் வந்தால் எங்கும் போக வேண்டாம். ஓசோன் அவற்றை எளிதில் உடைப்பதில்லை, கருவிகளைக் குடைவதால் பயனில்லை. ஸ்கேன் முடிந்து காத்திருக்கும் நோயாளிகளின் சிறுநீரைத் தனியாகச் சேகரிக்க முடியுமா என்று மருத்துவமனை நிர்வாகத்திடம் கேட்பதே அதற்கு வழி.